கணக்குச் செயலியில் வந்த விளம்பரம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடியை அளவாக வெட்டிச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாகக் கை தவறியதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் மதியத்துக்குள் இரண்டு கண்ணாடி உடைந்தன.

மார்பில் ஒரு கட்டி. சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வியாழக்கிழமை வரும். வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. பள்ளி வேன் ஓட்டும் கணவர் தும்மலுக்கே டாக்டரைத் தேடுகிற ஆள்.

ஆனால் அவளுடைய போன் சும்மா இருக்கவில்லை. அதில் வீட்டுச் செலவை எழுத ஓர் இலவசச் செயலி இருந்தது. பரிசோதனைக்குப் பணம் கட்டியபோது, புற்றுநோய் மருத்துவமனையின் பெயரோடு வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை அது தானாகவே படித்து, மருத்துவச் செலவு என்று ஏற்றிக்கொண்டது. அவள் அந்த வரியை அழித்துவிட்டாள். விளம்பரத்தை அழிக்க முடியவில்லை. பருப்பு வாங்கியதை எழுதத் திறந்தாலும் ‘புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உடனடிக் கடன்’ என்று பாதித் திரைக்கு வந்து நின்றது. மின் கட்டணம், வேன் டீசல் எல்லாவற்றையும் கணவர் எழுதுவதும் இதே போனில்தான்.

சாப்பாட்டு நேரத்தில் காசாளர் அக்காவிடம் மெல்லக் கேட்டாள். “விளம்பரமே வராத ஆப் இருக்காக்கா?”

“நான் வச்சிருக்கேனே. வருஷத்துக்கு ஒரு தடவை காசு கட்டணும். மெசேஜை எல்லாம் நோண்டாது.” அக்கா டப்பாவை மூடினாள். “ஓசின்னா ஓடிடுறோம். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?”

கட்டணம் அவளுடைய இரண்டு நாள் சம்பளம். வியாழக்கிழமை என்ன சொல்வார்களோ, ஒவ்வொரு காசும் தேவைப்படுமோ? முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கட்டினாள். பழையதை நீக்கினாள்.

சாயங்காலம் டீசல் செலவை எழுத அவர் போனை எடுத்தார். “பழைய ஆப் எங்க?”

“எடுத்துட்டேங்க. ஒரே விளம்பரம்.”

“காசு கட்டினியா?”

“ம்.”

அவர் போனை மேசைமேல் வைத்தார்.

“அந்தப் புற்றுநோய் விளம்பரத்தைச் சனிக்கிழமையே பாத்துட்டேன்,” என்றார். “நீயே சொல்லுவேன்னு நாலு நாளா வாயைக் கட்டிட்டு இருக்கேன். எங்கிட்டேருந்து மறைக்கவா காசு கட்டின?”

“நீங்க பயந்துடுவீங்கன்னு…”

“பயந்துதான் போயிருக்கேன். தனியா பயப்பட வச்சிட்டியே.”

அப்போதுதான் அவள் அழுதாள். கட்டி, ஊசி, வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள்.

வியாழக்கிழமை வேனுக்கு மாற்று ஓட்டுநரைப் போட்டுவிட்டு அவரும் வந்தார். வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவள் எழுந்துவிட்டாள். அவர் எழவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்,” என்றார்.