மாலோமோவின் மரமும் நான்கு எல்லைச் செடிகளும்

ஒரு நாளைக்கு இருநூறு மேடு. ஆபா-லாவுயியில் ஃபாதேயியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வருவது இந்த எண்தான். கிழங்கு நடுவதற்காக முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கூட்டிக் குவிக்கும் வேலை அது. நல்ல வாலிபன் நூற்றைம்பதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். 1975-இல் ஃபாதேயிக்கு வயது ஐம்பத்துநான்கு. இருநூற்றை முடித்துவிட்டு, மண்வெட்டியைக் கழுவ ஓடைக்கு நடந்துபோவார்.

அவர் அந்த ஊர்க்காரர் அல்ல. 1949-இல் வடக்கே ஓஃபாவிலிருந்து மனைவி அபேனியோடு பிழைக்க வந்தவர். ஊருக்குத் தன் பெயரைக் கொடுத்த குடும்பத்தின் தலைவர், பெரியவர் லாவுயி, ஓடைக்கு அப்பால் நிலம் காட்டினார்.

"ஒரு வருஷத்துல வந்து ஒரு வருஷத்துல போறது எதை வேணா நட்டுக்கோ. கிழங்கு, சோளம், மிளகாய், உன் இஷ்டம். நின்னு நிலைக்கிறது மட்டும் வேண்டாம்."

விசேஷங்களில் பங்கிட்டு மெல்லும் கொட்டை தரும் கோலா மரம் கூடாது, கோக்கோ கூடாது, எண்ணெய்ப்பனை கூடாது. மரம் நட்டவன் மண் என்னுடையது என்று சொல்கிறான். அந்தப் பக்கத்தில் அதற்குமேல் பத்திரம் தேவையில்லை. குடியானவன் ஆண்டுதோறும் புதுக்கிழங்கில் ஒரு சுமையை நிலக்காரர் வீட்டு முற்றத்தில் இறக்க வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளில் ஃபாதேயியின் சுமை ஒருமுறைகூடத் தவறியதில்லை.

மர விஷயத்தில் ஒரே ஒருமுறை தவறினார்.

அபேனி பெற்ற முதல் மூன்று குழந்தைகளும் நடக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டன. ஒரே பிள்ளைதான் வந்து வந்து போகிறது என்றது ஊர். 1956-இல் நான்காவதாகப் பெண் பிறந்தபோது, 'இனிப் போகாதே' என்று பொருள்பட மாலோமோ என்று பெயரிட்டார்கள். மருத்துவச்சி நஞ்சுக்கொடியை ஃபாதேயியின் கையில் கொடுத்தாள்.

"இதைப் புதைச்சு மேல ஒரு கோலாக் கன்னு வை. அது வேர் பிடிச்சா இதுவும் பிடிச்சுக்கும். ஒண்ணு சொல்றேன் கேளு, அந்த மரத்தைப் பத்தி நீயும் உன் பெண்டாட்டியும் வாயே திறக்கக் கூடாது. இவளைக் கூப்பிட வர்ற ஆவிங்களுக்குக் காது ரொம்பக் கூர்மை."

வீட்டுப் பின்புறத்தில் வைத்தால் ஊருக்கே தெரியும். ஃபாதேயி தோட்டத்தின் கடைசி மூலையில், புதருக்குள் வைத்தார். மரம் வேர் பிடித்தது. பிள்ளையும் பிடித்துக்கொண்டாள். கணவனும் மனைவியும் வாய் திறக்கவில்லை. காய்த்தபோதும் ஒரு கொட்டையைக்கூடத் தொடவில்லை. விழுந்ததை அணில்கள் தின்றன.

மறைத்துவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார். ஆனால் அவர் ஏழு பேர் கொண்ட ஆரோவில் ஒருவர். ஆரோ என்றால் இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம் என்று எல்லோரும் ஒன்றாக இறங்கி முறை வைத்துச் செய்யும் வேலை. மற்ற ஆறு பேரும் ஆண்டுக்கு இரண்டு முறை அந்தத் தோட்டத்தில் மண் வெட்டினார்கள். மரம் நின்ற மூலை வந்ததும் மண்வெட்டிகள் தாமாகவே திரும்பிக்கொள்ளும். யாரும் எதுவும் கேட்டதில்லை.

1974-இல் பெரியவர் லாவுயி இறந்தார். இபாதான் நகரில் இருபது ஆண்டு தையற்கடை வைத்திருந்த மகன் அதெகோகே தலைவராக ஊர் திரும்பினார். பழக்கம் விடவில்லை, அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. அடுத்த அக்டோபரில், ஓடைக்கு இந்தக் கரையில் நின்று நிலத்தை நோட்டம் விட்டவர் கண்ணில் புதருக்கு மேலே காய் தொங்கும் உச்சி பட்டது. அன்று மாலையே ஃபாதேயிக்கு ஆள் போனது.

ஃபாதேயி முற்றத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எந்திரிங்க பெரியவரே, எந்திரிங்க. எனக்கு மூத்தவர் நீங்க. அங்க நிக்கிறது கோலா மரந்தானே?"

"ஆமாங்க."

"நட்டது யாரு?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

ஃபாதேயி தரையைப் பார்த்தார். பத்தொன்பது ஆண்டாகக் கட்டிவைத்த வாய் அது. டிசம்பரில் பெண்ணுக்குக் கல்யாணம். இப்போதா திறப்பது?

"சொல்லக் கூடாதுங்க."

அதெகோகே கெட்டவர் அல்ல. ஆனால் அந்த நிலத்தில் வேறு பதினோரு குடியானவர்கள் இருந்தார்கள், பதினோரு பேரும் கதவோரத்தில் காது வைத்திருந்தார்கள். "இன்னைக்கு ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கோக்கோ நடுவாங்க. உங்க ஆரோ என்னைக்கு? வியாழனா? அன்னைக்கு மரம் விழணும். இல்லேன்னா நிலத்தை விட்டுடுங்க. எனக்கும் வேற வழி இல்ல."

வீட்டில் அன்று இடித்த கிழங்கு ஆறிக் கிடந்தது. விஷயம் ஊர் வழியாக மாலோமோவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"வெட்டிடுங்கப்பா. மரத்தை நம்பியா நான் மூச்சு விடுறேன்?"

"வாயை மூடுடி!" அபேனி கத்தினாள். பிறகு கணவனிடம், மரம் என்ற சொல்லைத் தொடாமல், "ஓஃபாவுக்கே போயிடலாம்" என்றாள்.

"அம்பத்துநாலு வயசுல எவன் எனக்கு நிலம் கொடுப்பான்?"

"அப்போ?"

ஃபாதேயி எழுந்துபோய்த் தீட்டுக்கல்லைத் தேடினார். புதன்கிழமை முழுவதும் வெட்டரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை ஆரோ கூடியது. வழக்கமாக வேலை தொடங்கும்போது பக்கத்து நிலத்துக்காரர் சுன்மோனு யாரையாவது கேலி செய்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். அன்று அவரும் பேசவில்லை. அபேனியும் மாலோமோவும் சோற்றுக் கூடையோடு வந்து நின்றார்கள். அதெகோகே ஓடையைத் தாண்டி வந்தார். பளபளக்கும் நகரத்துச் செருப்பு நனைந்திருந்தது.

மரத்தைச் சுற்றியிருந்த புதரை ஆறு பேரும் வெட்டித் தள்ளினார்கள். அடிமரம் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. மரத்தைச் சுற்றி, நான்கு மூலையிலும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த நான்கு பெரேகுன் செடிகள்.

அதெகோகேயின் முகம் மாறியது. பெரேகுன் எல்லைச் செடி. நிலக்காரர் கையைத் தவிர வேறு கை அதை நடுவதில்லை.

"மரத்தோட விடல. எல்லையும் போட்டிருக்கீங்க!" குரல் உயர்ந்தது. "எங்க நிலத்துக்குள்ள உங்களுக்குன்னு தனி நிலமா? யார் நட்டது இதை?"

ஃபாதேயி மனைவியைப் பார்த்தார். அபேனி அவரைப் பார்த்தாள்.

"நீ வச்சதில்லையா?" என்றார் அவர்.

"நானா? நீங்க காவலுக்கு வச்சீங்கன்னுல்ல நினைச்சேன்!"

"மருத்துவச்சி உன்கிட்ட ஏதோ சொல்லியிருப்பா, நீ வச்சிருப்பேன்னு நான்…"

"கேக்க வேண்டியதுதானே?"

"பேசக் கூடாதுன்னாளே!"

மாலோமோ தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "பத்தொம்பது வருஷம்! ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டுக்கலையா?"

"சிரிக்காதே," என்றாள் அபேனி. பிறகு அழுதபடியே பிள்ளையின் நஞ்சுக்கொடியை, மருத்துவச்சி சொன்னதை, முன்னால் போன மூன்றை, எல்லாவற்றையும் அதெகோகேயிடம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். "உசுருக்காக வச்ச மரம் தம்பி. நிலத்துக்காக இல்ல. ஒரு கொட்டையைத் தின்னதில்ல நாங்க."

அதெகோகே நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "மரம் சரி. இந்தச் செடி?"

சுன்மோனு தொண்டையைச் செருமினார்.

"உங்கப்பா நட்டது."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"மரம் வச்ச வருஷமே அவருக்குத் தெரியும். ஒரு நாள் விடிகாலையில நாலு பெரேகுன் குச்சியோட வந்தார். எல்லை போட்டா பக்கத்து நிலத்துக்காரன் சாட்சி நிக்கணுமே, அதனால என்னை எழுப்பிக் கூட்டிட்டு வந்தார். 'என் பெரேகுனுக்குள்ள நிக்கிற மரம் என் மரம். புள்ள அதைப் பிடிச்சுக்கட்டும்'னார்."

"இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கல நீ?" ஃபாதேயி கிட்டத்தட்ட அவர்மேல் பாய்ந்தார். "ரெண்டு நாளா நான் தூங்கல!"

"சத்தியம் வாங்கிட்டாருய்யா! 'அவனுக்குத் தெரிஞ்சா பயம் போயிடும், அடுத்து கோக்கோ நடுவான்'னார். நீ அரிவாளை ஓங்கினா சொல்லிடலாம்னு வந்தேன். நம்பலேன்னா தம்பி, நீங்களே தோண்டிப் பாருங்க. குழியில எதையோ போட்டப்ப என்னைத் திரும்பி நிக்கச் சொல்லிட்டாரு. உங்க வீட்டுக்காரங்க எல்லைக்கு அடியில என்ன வைப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தானே தெரியும்."

அதெகோகேவுக்குத் தெரியும். எல்லைச் செடியின் அடியில் தேய்ந்த மண்வெட்டி இரும்பு ஒன்றைப் புதைப்பது லாவுயி வீட்டு வழக்கம். அதைத் தகப்பன் மகனிடம் மட்டும் சொல்வார். மண்வெட்டியை ஃபாதேயியின் கையிலிருந்து வாங்கி, கிழக்கு மூலைச் செடியின் அடியில் தானே தோண்டினார். ஊசி பிடித்த கைக்கு மண்வெட்டி படியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. முழங்கை ஆழத்தில் 'டங்' என்றது. துருவேறிய இரும்பை எடுத்து, மண்ணைத் துடைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ இது எங்க மரம்," என்றார் கடைசியில். "எங்க மரத்தை வெட்ட நீங்க யாரு பெரியவரே?"

ஃபாதேயி மறுபடியும் காலில் விழப்போனார். அதெகோகே தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"காய் எங்க வீட்டுக்கு வரணும். வருஷா வருஷம். இனிமே எதையாவது நடணும்னா வந்து கேளுங்க. என் அப்பா மாதிரி விடிகாலையில எந்திரிக்க என்னால முடியாது."

அப்போதுதான் சுன்மோனு முதன்முதலாகச் சிரித்தார். அதெகோகே தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு காயைப் பறித்துப் பிளந்தார். இளஞ்சிவப்புக் கொட்டையை விண்டு முதல் துண்டை ஃபாதேயிக்கும் இரண்டாவதை அபேனிக்கும் நீட்டினார். ஃபாதேயி மென்றார். முகம் சுளித்தார்.

"கசக்குதாப்பா?" என்றாள் மாலோமோ.

"உன்னை மாதிரியேதான் இருக்கு."

அன்று அரை நாள் போய்விட்டதால் ஆரோ ஐந்நூறு மேட்டோடு நின்றது. டிசம்பரில் மாலோமோவின் கல்யாணத்துக்கு, லாவுயி வீட்டிலிருந்து ஒரு கூடை கோலா வந்தது. எல்லாம் அந்த மரத்துக் காய். அடுத்த முறை சுன்மோனுவின் தோட்டம். ஃபாதேயி மற்றவர்களுக்கு முன்பே அங்கே போய், தனியாக முப்பது மேடு கட்டி முடித்திருந்தார்.