குல்லாக் கடையில் கேட்டால் ரூம் கிடைக்கும்

"வர்ற வழியில யாருங்க வாந்தி எடுத்தது?"

குல்லாவைத் தலையில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சேலத்துக்காரர் திகைத்துப்போகிறார். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னும் முழுசாக மூச்சு விடவில்லை. மனைவி, அம்மா, பிள்ளைகள், மூட்டை முடிச்சுகளோடு முதல் கடையில் ஒதுங்கி, தங்குவதற்கு எந்தப் பக்கம் நல்லது என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குக் கடைக்காரம்மா பாலாமணி நேராகப் பதில் சொன்னதாக வரலாறே கிடையாது. "பர்லியாறு தாண்டறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று அடுத்ததையும் போடுகிறார். அம்மாதான், பர்லியாறு பழக்கடைகள் வருவதற்கு முன்பே, என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிகிறது. "அப்ப மேட்டு மேல இருக்கற லாட்ஜு உங்களுக்கு ஆவாதுங்க. மறுபடியும் வளைவு வளைவா ஏத்துனா அம்மா படுத்துக்குவாங்க. ஏரிக்கு இந்தப் பக்கமா, சமதரையில பாருங்க."

பாலாமணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குள்ளமான உருவம், கணீரென்ற குரல், சேலைக்கு மேல் கணவர் பழனிச்சாமியின் பழைய கம்பளிக் கோட்டு. பழனிச்சாமிக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. கடையில் மங்கி குல்லா, மப்ளர், ஸ்வெட்டர், கையுறை என்று தோரணம் தொங்கும். ஆனால் பாலாமணி தலையில் ஒரு நாளும் குல்லா ஏறியதில்லை. "நானே போட்டுக்கிட்டு உக்காந்தா, வர்றவங்க பயந்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுலயே எறங்கிப் போயிருவாங்களுங்க" என்பார்.

யாரிடம் கேட்பது என்பதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. பெட்டி தூக்கி வருகிறவரிடம் கேட்கவே மாட்டார். "அவருக்குக் கட்டில் கெடைச்சாப் போதுமுங்க. அவரு பேச்சைக் கேட்டு ரூம் சொன்னா, மத்தியானம் எல்லாருமா சேந்து வந்து என்னையப் புடிச்சுக்குவாங்க." கூட்டத்தில் வாயைத் திறக்காமல் நிற்பவர் யாரோ அவரைத்தான் பிடிப்பார். ராத்திரி எழுந்து நடக்கிற பழக்கம் உண்டா, காலையில் கண் விழித்ததும் காப்பி இல்லாவிட்டால் கோபம் வருமா, சாமி கும்பிடாமல் சாப்பிடுவீர்களா என்று ஒரு பெண் பார்க்கும் படலமே நடத்துவார். புதிதாகக் கல்யாணமான ஜோடி என்றால் மட்டும் கேள்வி கிடையாது. "கார்டன் பக்கம் போங்க" என்பார். அதோடு இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் மப்ளர்.

எல்லாவற்றுக்கும் மேல் வெயில். ஊட்டியில் ரூம் பார்ப்பது என்றால் வெயிலைப் பார்ப்பது என்பதுதான் பாலாமணியின் சித்தாந்தம். எந்த மேட்டின் நிழல் எந்தத் தெருவில் எப்போது விழும் என்பது அவருக்கு அத்துப்படி. காலை வெயில் ஜன்னலில் விழாத அறையை அவர் அறையாகவே மதிப்பதில்லை. இந்தச் சேவைக்கு லாட்ஜுக்காரர்கள் பணம் ஒன்றும் தருவதில்லை; வருஷப் பிறப்புக்குக் காலண்டர் தருகிறார்கள். வீட்டுச் சுவரில் முருகனும் லட்சுமியும் நிற்க இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

காலண்டர் தராதவர் ஒருவர் உண்டு. கடைக்கு நேர் மேலே, மாடியில் பழைய லாட்ஜ் வைத்திருக்கும் சுப்பண்ணன். அவருக்குத் தீராத மனக்குறை. "தலைக்கு மேலயே நான் இருக்கறேன். ஊருக்கெல்லாம் ஆள் அனுப்பற. என்ற படியில ஒருத்தரை ஏத்தி விட உனக்கு மனசு வருதா?" பாலாமணி அசைய மாட்டார். விடிவதற்குள் பஸ் உறுமல், கண்டக்டர்களின் 'குன்னூர் குன்னூர் குன்னூர்', டீக்கடை ரேடியோ. "எதிரிக்குக்கூட அந்த ரூமைச் சொல்ல மாட்டேனுங்க" என்று அவர் எதிரிலேயே சொல்வார்.

இப்படி ஊருக்கே இடம் காட்டுகிற பாலாமணி, வெளியூர் போனால் எப்படி? போன சித்திரையில் அதுவும் தெரிந்தது.

மின்சார வாரியத்தில் வேலை கிடைத்துக் குந்தா பவர் ஹவுஸுக்கு வந்த செல்லதுரை என்ற மதுரைப் பையன், வழியில் இந்தக் கடையில்தான் குல்லா வாங்கினான். வழக்கமான விசாரணை நடந்தது. "இருட்டுன்னா பயமா?" என்று பாலாமணி கேட்டதற்கு, கொஞ்சமும் கூச்சப்படாமல், "ஆமாங்க, கொஞ்சம் பயம்தான்" என்றான். கரண்டு வேலைக்கு வந்தவன் இருட்டுக்குப் பயப்படுகிறான் என்று, கடையில் இருந்த மகள் பாப்பா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அதன் பிறகு அவனுக்கு வாராவாரம் குளிர் தாங்காமல் ஏதாவது ஒன்று வாங்க வேண்டியிருந்தது. பாலாமணிக்கா புரியாது? விசாரித்ததில் சுற்றி வளைத்துச் சொந்தமாகவும் வந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கக் கணவனும் மனைவியும் மதுரைக்குக் கிளம்பினார்கள்.

பேசி முடித்துப் பூ வைக்கும்வரை சம்பந்தி வீட்டில் கை நனைப்பதில்லை, படுத்து எழுவதும் இல்லை. அதனால் லாட்ஜ். பாலாமணி தன் சித்தாந்தத்தை மலையிலிருந்து பத்திரமாகக் கொண்டுபோயிருந்தார். மொட்டை மாடிக்கு நேர் கீழே, நாள் முழுக்க வெயில் விழுகிற மூலை அறையைக் கேட்டார். "அது வேணாம்மா, சும்மா குடுத்தாலே யாரும் தங்க மாட்டாங்க" என்றார் மேனேஜர். நல்ல அறையை ஒளித்து வைக்கிறார் என்று தோன்றியது பாலாமணிக்கு, பிடிவாதமாக வாங்கிவிட்டார். குழாயைத் திறந்தவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, கேக்காமயே சுடுதண்ணி!" மத்தியானத்துக்குள் தரையில் கால் வைக்க முடியவில்லை. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு இருவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கும் வீட்டில் ரசம் சூடாக இருந்தால், "மதுரை ரூம்ல வெச்சியா?" என்பார் பழனிச்சாமி.

மாப்பிள்ளையின் தாயார் மருதாம்பாளை அவர் வீட்டில் போய்ப் பார்த்தார்கள். கணவர் இல்லை, ஒரே பிள்ளை. கடைத்தெருவில் மாடி வீடு. பேசிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கயிற்றில் கட்டிய பையை இறக்கினார். கீழே கீரைக்காரி கீரையைப் போட்டாள். பை மேலே வந்தது. வீட்டுக்குக் கீழேயே பரோட்டாக் கடை; கொத்துப் பரோட்டா தட்டும் சத்தத்தில் பேச்சுக்கூடச் சரியாகக் காதில் விழவில்லை. பாவம், இந்த அம்மா எப்படித்தான் தூங்குகிறாரோ என்று பாலாமணிக்கு இரக்கமாக இருந்தது.

மருதாம்பாள் ஒளிவுமறைவு இல்லாதவர். "பொண்ணைப் பத்திப் பேச்சே இல்ல, தங்கம். ஆனா எம் புள்ள எங்கயோ அங்கதான நானும் இருந்தாகணும்? அந்த மல ஒத்துக்கிருச்சுன்னா பூ வச்சிருவோம். ஒத்துக்கலன்னா, அவன் மாத்தல் வாங்கிட்டு வரட்டும், இங்கிட்டே ஒரு பொண்ணைப் பாத்துக்கிறேன்" என்றார். அதாவது பாப்பாவின் கல்யாணம் ஊட்டிக் குளிரின் கையில்.

ஆவணியில் மருதாம்பாள் மகனோடு மலையேறி வந்தார். எத்தனையோ பேருக்கு ரூம் சொன்ன பாலாமணிக்கு அன்றைக்குக் கை கால் ஓடவில்லை. வழக்கமான கேள்விகளைக் கேட்கவும் முடியாது. சம்பந்தியாக வரப்போகிறவரைப் பார்த்து, வாந்தி எடுத்தீர்களா, ராத்திரி எழுந்து நடப்பீர்களா என்றா கேட்பது? பரோட்டாக் கடைச் சத்தம் மட்டும் நினைவுக்கு வந்தது. ஆயுசுக்கும் நிம்மதியான தூக்கத்தைக் கண்டிராத ஜீவன் என்று மனசு உருகி, பெர்ன்ஹில் பக்கத்தில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, காலை வெயில் கட்டிலிலேயே வந்து விழுகிற ஒரு விடுதியில் கொண்டுபோய் வைத்தார். இலை விழுந்தால் கேட்கும். தன் சர்வீஸிலேயே இவ்வளவு நல்ல இடம் யாருக்கும் சொன்னதில்லை என்று பூரித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாள் காலையில் பெட்டியும் கையுமாக மருதாம்பாள் கடை வாசலில் நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது. ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டு செல்லதுரை தூரத்தில் தலை குனிந்து நின்றான்.

"கீழ போற பஸ் எப்ப வரும்?"

"ஏனுங்க, குளிர் தாங்கலீங்களா?"

"குளிரு என்ன குளிரு, போத்திக்கிட்டாப் போச்சு. அங்கிட்டு ஒரு சத்தமுமில்ல, தாயி. மனுசன் குரலு இல்ல, வண்டி இல்ல. எழவு வீட்டுலகூட நாலு பேரு அழுவாங்க. பொட்டுக் கண்ணு மூடல. நான் போறேன், என்னைய விட்ருங்க."

பாப்பாவிடம் என்ன சொல்வது? பாலாமணி ஸ்டூலை எடுத்துப் போட்டார். மருதாம்பாள் உட்கார்ந்தார். பக்கத்தில் பஸ் உறுமிற்று. கண்டக்டர் குன்னூரைக் கூவி அழைத்தார். ரேடியோவில் உரம் போடுவது பற்றி யாரோ பேசினார்கள். பாலாமணி டீ வாங்கிவந்து நீட்டினார். வாங்க ஆள் இல்லை. ஸ்வெட்டர் மூட்டையில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மருதாம்பாள் தூங்கிக்கொண்டிருந்தார்.

டீ டம்ளரோடு பாலாமணி அப்படியே நின்றார். பரோட்டாக் கடை அவர் காதில் மறுபடியும் டங்கு டங்கென்று தட்டியது.

மேட்டுப்பாளையம் பஸ் வந்தது. "கோத்தகிரி வழியில்ல, பர்லியாறு வழி, மேட்டுப்பாளையம் மேட்டுப்பாளையம்!" என்று கண்டக்டர் கடை வாசலுக்கே வந்து தொண்டை கிழியக் கத்தினார். "அம்மா வர்றாங்களா?" பாலாமணி உதட்டில் விரலை வைத்து, போகும்படி கையைக் காட்டினார். பஸ் போய்விட்டது. அடுத்ததும் போயிற்று. செல்லதுரை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே கிட்டே வந்து, அம்மாவின் பெட்டியை மெள்ளத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

ஒரு சமயம் பஸ் எல்லாம் கிளம்பிப் போய், ரேடியோவும் ஓய்ந்து, ஸ்டாண்டு கொஞ்சம் அமைதியானது. உடனே மருதாம்பாளுக்கு விழிப்பு வந்துவிட்டது.

"பஸ்ஸு போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

"எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்ப மனசு வரலீங்க." அது முழு உண்மை. பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, எல்லாரிடமும் கேட்கிற குரலில் கேட்டார். "ஏனுங்கம்மா, உங்க ஊட்ல நீங்க படுக்கறது, பரோட்டாக் கடைக்கு மேலயேதானுங்களா?"

"பின்ன? கொத்துச் சத்தம் நிக்கிற வரைக்கும்தேன் நல்ல தூக்கம். தீவாளிக்குக் கடை சாத்துனா எனக்குச் செவராத்திரிதேன்."

"மிசின் சத்தம்னா?" என்று கேட்டுக்கொண்டே பாலாமணி செல்லதுரை பக்கம் திரும்பினார். கல்யாணமானால் அவனுக்குக் கிடைக்கப்போகிற, பவர் ஹவுஸை ஒட்டின குவார்ட்டர்ஸில் மெஷின் ராப்பகலாக இரைகிறது என்று அவன் முன்பு ஒரு தடவை அலுத்துக்கொண்டது இப்போது தேனாக இனித்தது. அவனும் அவசரமாக, "காதைக் கிழிக்கும்மா!" என்றான். பெற்ற தாய்க்கு இப்படி ஒரு நல்ல செய்தியை எந்தப் பிள்ளையும் இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.

பாலாமணி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு சுப்பண்ணன் லாட்ஜ் படியில் ஏறினார். சுப்பண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். "பின்பக்கம் அமைதியா ஒரு ரூம் இருக்குது, அதையே..."

"வேண்டாமுங்க. ஸ்டாண்டைப் பாத்த ரூமு. எங்க சத்தம் ஜாஸ்தியோ, அது."

அன்றைக்கும் மறுநாளும் மருதாம்பாள் கீழே இறங்கவே இல்லை. தூங்குகிறார், எழுந்து சாப்பிடுகிறார், மறுபடி தூங்குகிறார் என்று சுப்பண்ணன் மணிக்கொரு தரம் வந்து அறிவித்துவிட்டுப் போனார். பூ வைப்பதைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. பாப்பா குல்லாக்களைக் குலைத்துக் குலைத்து அடுக்கினாள். பாலாமணி ஈரோட்டுக்காரர் ஒருவரை ஏரிக்கு அனுப்புவதற்குப் பதிலாக ரயில்வே ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை, ஊட்டியில் யாரும் ஜன்னல் திறக்காத அந்தக் குளிரில், மாடி ஜன்னல் அகலத் திறந்தது. வாடாமல்லி நிற மங்கி குல்லாவுக்குள்ளிருந்து மருதாம்பாளின் முகம் எட்டிப் பார்த்தது. பாலாமணி, ஜன்னலைச் சாத்துங்க என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள், தொங்கிக்கொண்டிருந்த மப்ளர்களுக்கு நடுவே, கயிற்றில் கட்டிய ஒரு துணிப்பை ஆடி ஆடி இறங்கியது. உள்ளே வாழை இலைப் பொட்டலம். மலைக் குளிரில் கொஞ்சமும் வாடாத மதுரை மல்லி.

"மதினி!" இரண்டு பஸ் ஹாரனையும் மீறி மேலிருந்து குரல் வந்தது. "அதை எம் மருமக தலையில வச்சிட்டு, பையில ரெண்டு வடையப் போட்டு விடுங்க!"

பாலாமணி பையைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.