பாலைவனத்தில் புல் பிடுங்கும் வேலை

நான் வேலை செய்த நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபோது கைகுலுக்கி, பூங்கொத்துக் கொடுத்து, வாத்தியம் வாசித்து எங்களை அனுப்பிவைத்தார்கள். அடுத்த மாதமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆளைச் சந்திக்க டேர்மின் தந்தார்கள். என் கோப்பைப் புரட்டிய பெண்ணின் முகம் மலர்ந்தது. “உங்கட அனுபவத்துக்குப் பொருத்தமான இடம் ஒண்டு இருக்கு. சுரங்க நகரம்!”

டோர்ட்மண்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்த கேளிக்கைப் பூங்கா அது. உள்ளே ஓர் அமெரிக்கப் பாலைவன நகரத்தைக் கட்டியிருந்தார்கள். தங்கம் தீர்ந்ததும் சனங்கள் கைவிட்டுப் போன நகரமாம். சாய்ந்த மதுக்கடை, கதவு தொங்கும் தேவாலயம், ஆளில்லாத சிறைக்கூடம். எல்லாம் புதுப் பலகை. கம்பித் தூரிகையால் சுரண்டி அதற்கு நூறு வயது ஏற்றியிருந்தார்கள். இடிந்த கட்டடம் ஒவ்வொன்றிலும் தீயணைப்புக் கருவியும் அவசர வழிப் பலகையும் இருந்தன. ஜெர்மனியில் பாழடைவதற்கும் அனுமதி எடுக்க வேண்டும்.

மனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “செவ்விந்தியர் வேஷத்துக்கு ஆள் தேடுறம்.”

“நான் சிலோன்.”

“அது எங்களுக்குப் பிரச்சினை இல்லை.”

எனக்குப் பிரச்சினையாக இருந்ததால் பராமரிப்பு வேலை தந்தார். பராமரிப்பு என்றால் புல் பிடுங்குவது. லொறி லொறியாக மணல் கொட்டியவர்கள் மழையை நிறுத்த மறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை துப்புரவாக்கிய பாலைவனம் வெள்ளிக்கிழமை பச்சைப்பசேலென்று நிற்கும்.

ஒருநாள் காற்றில் தேவாலயக் கதவு இன்னும் கொஞ்சம் கழன்றது. பழக்கதோஷத்தில் புதுப் பிணைச்சல் பூட்டி நிமிர்த்திவிட்டேன். மனேஜர் ஓடிவந்தார். “என்ன செய்துபோட்டீர்? அந்தச் சரிவைச் சரியா எடுக்க வடிவமைப்பாளருக்கு மூண்டு கிழமை போனது!”

வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி கேட்டாள், “அப்ப உடைஞ்சதை உடைஞ்சபடி வைச்சிருக்கத்தான் உங்களைப் பிடிச்சவையோ?”

“ஓம்.”

“பொருத்தமான ஆள்தான். குளியலறைக் குழாயை நாலு மாசமா அப்பிடித்தானே வைச்சிருக்கிறியள்.”

கோடையில், நான் அண்ணை என்று கூப்பிடும் பழைய கூட்டாளி வந்தார். நிலத்துக்குக் கீழே என்னோடு ஒரே அணியில் நின்றவர், எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். மகளின் குடும்பத்தோடு வந்திருந்தார். கையில் புல் வாளியோடு நின்ற என்னைப் பார்த்து, “என்ன தம்பி, பாலைவனத்திலை தோட்டம் செய்யிறீரோ?” என்றார்.

அவரைப் பூங்காவின் பொய்ச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போனேன். கூரையைத் தாங்கும் முட்டுக்கால் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார். வெறும் பிளாஸ்டிக் சத்தம். “இதை நம்பி ஒரு கோழியைக்கூட உள்ளை விடேலாது!” என்று சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலானது. நிலக்கரித் தூசி அவர் நெஞ்சில் வைத்துவிட்டுப் போன இருமல் அது. அடியிலிருந்து புறப்பட்டு, ஆற அமர மேலே வரும். பக்கத்தில் நின்ற சனங்கள் படம் பிடித்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள்.

மறுவாரமே மனேஜர் அவருக்கு வேலை கொடுத்துவிட்டார். வார இறுதிகளில் சுரங்க வாயிலில் கிழட்டுத் தங்கவேட்டைக்காரனாக உட்கார வேண்டும். ஒட்டுத்தாடி, நெற்றி மறைக்கும் தொப்பி. யாழ்ப்பாணத்து முகம் வெளியே தெரியாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வேண்டாம் அண்ணை. உங்கட வருத்தத்தை வேடிக்கை பாக்கினம்.”

“வீட்டிலை இருமினா மகள் கதவைச் சாத்திறாள், தம்பி. இங்கை கைதட்டுகினம்.”



இரண்டு மாதம் உட்கார்ந்தார். இருமல் மிக இயல்பாக இருக்கிறது என்று மனேஜர் பாராட்டினார். சின்னப் பிள்ளைகள் வரும்போது மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொன்னார். இலையுதிர்காலத்தில் டொக்டர், இனித் தூசிப் பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார். பூங்கா கலங்கவில்லை. இருமலை ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொண்டது. அதற்கு மூன்று பக்க ஒப்புதல் படிவம். அண்ணை கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்துக் கையெழுத்திட்டார்.

ஒலிபெருக்கி பூட்டிய அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அண்ணையின் இருமல் கேட்டது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். சுரங்க வாயிலில் தாடி ஒட்டிய பொம்மை இருந்தது.

தொலைபேசியில் அண்ணையை அழைத்து, ஒலிபெருக்கிக்குக் கிட்டப் பிடித்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார், “இது என்ரை இருமல் இல்லை. எதிரொலியைக் கூட்டிப்போட்டாங்கள்.” பிறகு, “சனம் நிக்குதோ?” என்றார்.

மழை பிடித்திருந்தது. அந்தத் தெருவில் நானும் பொம்மையும்தான்.

“ஓம் அண்ணை, நிறையச் சனம்.”

“வைச்சிடாதையும். இன்னொருக்காக் கேப்பம்.”

அடுத்த இருமல் வரும்வரை தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றேன்.