ஆடி மாதத்தில் ஒரு கல்யாணம்

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கு முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை. இடம், சிதம்பரம் மேலவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் உள்ள டுடோரியல் சென்டரின் வாசல். எதையும் மாதம், கிழமையோடு நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். கடலூரை எந்தப் புயல் எந்த மாதம் தாக்கியது, எந்தப் பாலம் எப்போது திறந்தது என்று அலுவலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பழக்கம்தான் அன்று என் காலை வாரிவிட்டது.

முதலில் நான் ஏன் அந்த வாசலில் நின்றேன் என்று சொல்ல வேண்டும். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஞாயிறுதோறும் அங்கே கூடுவோம். டாக்டர் கிடையாது, கட்டணம் கிடையாது. ஒருவர் பேச மற்றவர்கள் கேட்போம், அவ்வளவுதான். பெயர், ஊர் யாரும் கேட்பதில்லை. இதை எழுதும்போதும் யார் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை.

எனக்கு ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். கடலூரிலும் இப்படி ஒரு கூட்டம் நடக்கிறது, என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கே போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களே. அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்து சிதம்பரம் வருவேன். இதில் வேடிக்கை என்னவென்றால், சிதம்பரத்துக்காரர்கள் சிலர் இதே காரணத்துக்காகக் கடலூர் கூட்டத்துக்குப் போகிறார்கள். புதுச்சத்திரம் பக்கம் எதிரே வரும் பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் அதில் யார் இருப்பார்கள் என்று யோசிப்பேன்.

தெருவில் கேட்டவர்களிடம் நடராஜர் தரிசனத்துக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். என் மனைவிக்கு மட்டும்தான் உண்மை தெரியும். பொய்க்கும் கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா பேரன் பெயரில் அர்ச்சனை செய்யச் சொல்வார். மளிகைக்கடைக்காரர் விபூதி கேட்பார். ஆகையால் ஒவ்வொரு ஞாயிறும் முதலில் அவசரமாகக் கோயிலுக்குப் போய், அர்ச்சனையை முடித்து, விபூதிப் பொட்டலத்தோடு கூட்டத்துக்கு ஓடுவேன். சில மாதங்களில் தெருவில் எனக்குப் பக்திமான் என்று பெயர் வந்துவிட்டது.

இவ்வளவு மறைத்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு ஓனர். மாடியில் அவர்கள் குடும்பம், கீழே நாங்கள். கூட்டுறவுத் துறையில் நல்ல பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், தெரு நலச் சங்கத்தின் தலைவர். வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது. வாடகைக்கு வந்த அன்றே ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார், குடிக்கிறவர்களுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று. நான் அப்போது குடித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். தை மாதம் விட்டேன். விட்ட பிறகும் பயம் மட்டும் விடவில்லை. பழைய கதை தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். மகளின் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெரு, என் மனைவிக்கு அந்த வீட்டுத் தண்ணீர் பிடித்திருந்தது.

மாடி வீட்டிலும் அப்போது ஒரு கவலை இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்தவள், மாசமாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்கிறாள் என்று ஓனரின் மனைவி, மாடி வீட்டு மாமி, என் மனைவியிடம் அழுதிருக்கிறார். காரணம் கேட்டதற்குப் பதில் இல்லை. ஏதோ நகை, சீர் தகராறாக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

எங்கள் குழுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்புகள் கைமாறும். தலைவர், செயலாளர், பொருளாளர், டீ பொறுப்பு, வாசல் பொறுப்பு. தலைவருக்கு அதிகாரம் எதுவும் இல்லை, கூட்டத்தைத் தொடங்கி முடித்துவைப்பதுதான் வேலை. அதனால் தலைவர் பதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், டீ பொறுப்புக்கு எப்போதும் போட்டி. ஆனி மாதம் நடந்த தேர்தலில், எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்பதால் செயலாளர் ஆக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். வாசலைக் கொடுத்துவிட்டார்கள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று இத்தனை தூரம் பஸ் ஏறி வருகிறவனைத் தெருவைப் பார்த்து நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? மறுக்கவும் முடியவில்லை. கொடுத்த பொறுப்பை மறுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை.

வாசல் வேலைக்கு ஒரு விதிமுறை உண்டு. முதல்முறை வருகிற யாரும் இதற்காகத்தான் வந்தேன் என்று சொல்ல மாட்டார்கள். ஒருவர் வழி கேட்பார், ஒருவர் நண்பரைத் தேடுவார். நானே முதல் நாள், இங்கே டைப்ரைட்டிங் சொல்லித் தருகிறார்களா என்று கேட்டேன். அன்று வாசலில் நின்றவர் சிரிக்கவில்லை. உள்ளே உட்காருங்கள், சார் வந்துவிடுவார் என்றார். உட்கார்ந்தவன்தான். பொறுப்பை ஒப்படைத்தபோது பழைய தலைவர் எனக்குச் சொன்னது ஒரே வரி.

"வர்றவரு எதுக்கு வந்தேன்னு சொன்னாலும் ஆமான்னுடுங்க. நீங்க ஒண்ணும் போலீஸ் இல்ல."

எவ்வளவு சுலபமான வேலை. அதைத்தான் நான் கோட்டைவிட்டேன்.

அந்த ஆடி ஞாயிறு சந்தின் முனையில் ஒருவர் வந்து நின்றார். போர்டைப் பார்த்தார், திரும்பி நடந்தார், மறுபடி வந்தார். புதியவர்களின் நடை எனக்குப் பழகியிருந்ததால் முகத்தில் ஒரு சிரிப்பைத் தயார் செய்துகொண்டு காத்திருந்தேன். அவர் தெருவிளக்கின் கீழே வந்ததும் என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சுருக்கமில்லாத வெள்ளை வேட்டி. எங்கள் வீட்டு ஓனர்.

என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். உள்ளே ஓடி ஒளியலாமா என்றுகூடத் தோன்றியது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, என் முகத்தில் இருந்த அதே பயம்தான் அவர் முகத்திலும் இருந்தது. பிறகு அவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு கல்யாணத்துக்கு வந்ததாகவும் மண்டபம் எங்கே என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

"ஆடி மாசத்துல கல்யாணமா மாமா?"

கேலி செய்யவே நினைக்கவில்லை. தப்பான தேதியைக் கேட்டால் திருத்தாமல் இருக்க முடியாத என் புத்தி அது. ஆனால் அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவர் முகத்தில் பார்த்தேன். "ஆமால்ல" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு திரும்பி, வந்ததைவிட வேகமாக நடந்தார்.

வாசல் பொறுப்பில் இருப்பவர் கூட்டம் முடியும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது. நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த மகளின் ஞாபகம் வந்தது. நகையும் இல்லை, சீரும் இல்லை. அம்மா வீட்டுக்கு ஏன் வர மாட்டேன் என்கிறாள் என்று சட்டென்று விளங்கியது. இன்று இவர் இப்படியே பஸ் ஏறிவிட்டால் இன்னொரு முறை இந்தச் சந்துக்குள் வரவே மாட்டார். எனக்குத் தெரியும். முதல் நாள் டைப்ரைட்டிங்கைப் பற்றி யாராவது என்னை ஒரு கேள்வி கேட்டிருந்தால் நானும் வந்திருக்க மாட்டேன்.

வாசலை விட்டுவிட்டு ஓடினேன்.

மேலவீதி முனையில் ஒரு பூக்கடை அருகே அவரைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது. என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. என் பொய்யை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"நான் கோயிலுக்கு வரல மாமா. தை மாசத்துலேருந்து இங்கதான் வந்துகிட்டு இருக்கேன்."

அவர் என் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார். "அப்ப அந்தப் பிரசாதம் எல்லாம்?" என்று கேட்டார். அது கோயிலில் வாங்கியதுதான், அதற்கும் போய்விட்டுத்தான் வருகிறேன் என்றேன். எங்கள் தெருவின் பக்திமான் எப்படி உருவானார் என்று முழுவதையும் சொன்னேன். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் சொன்னேன். அவர் வீட்டுக்கு வந்த நாளில் நான் குடிகாரன்தான் என்றும், அவருடைய நிபந்தனையைக் கேட்டும் மறைத்துத்தான் குடிவந்தேன் என்றும் சொன்னேன். காலி செய்யச் சொன்னால் செய்துவிடுகிறேன் என்றேன்.

அவர் பூக்கடைக்காரம்மா மாலை கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கிறவங்களுக்கு எடம் இல்லன்னு சொன்னது ஒங்களுக்கு இல்ல தம்பி. அது எனக்கே சொல்லிக்கிட்டது. குடிவர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிப் பாத்தேன். நான்தான் கேக்கல."

பிறகு, "புள்ள வர மாட்டேங்குறா" என்றார்.

இருவரும் சந்துக்குத் திரும்பி நடந்தோம். அவர் பக்கத்தில் நடப்பது எனக்கு வினோதமாக இருந்தது. இத்தனை வருடம் மாடிப்படியில் எதிரே வந்தால் நான் சுவரோடு ஒட்டி வழி விடுவேன்.

வாசல் காலியாக இல்லை. டீ பொறுப்பில் இருந்த பரங்கிப்பேட்டை நண்பர், ஒரு கையில் தட்டும் தோளில் துண்டுமாக நின்றுகொண்டிருந்தார். வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், நாக்கு கொஞ்சம் ஜாஸ்தி. என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"வாசல அப்படியே போட்டுட்டு எங்க போனீங்க மச்சான்? டீயையும் பாத்துகிட்டு கதவையும் பாக்க எனக்கு என்ன நாலு கையா?"

ஓனர் படியில் நின்றுவிட்டார். என்னிடம் சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்த வாசற்படியில் நின்று ஒரு புதிய மனிதரிடம் மறுபடி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பழைய பொய்யையே எடுத்தார். ஒரு கல்யாணத்துக்காக வந்தேன் என்றார், தலையைக் குனிந்தபடி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பரங்கிப்பேட்டைக்காரர் கண்கூடச் சிமிட்டவில்லை.

"அதுக்கென்னண்ணே, தாராளமா வாங்க. உள்ள இருக்குற எல்லாருமே கல்யாணத்துக்கு வந்தவங்கதான். மொதல்ல ஒரு டீ குடிங்க."

ஓனர் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கரும்பலகையில் முந்தின நாள் கணக்கு வகுப்பு அழிக்கப்படாமல் இருந்தது. கடைசி பெஞ்சில், பையன்கள் காம்பஸால் பெயர் கீறி வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். அன்று அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் கூட்டம் முடியும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

திரும்பும்போது பஸ் நிலையத்தில், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், நீங்கள் அடுத்த பஸ்ஸில் வாருங்கள் என்றார். சரி என்று ஒதுங்கி நின்றேன். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாகக் கையசைத்து என்னையே கூப்பிட்டார். கடலூர் நெருங்கும்போதுதான் அவருக்கு வீட்டில் என்ன சொல்வது என்ற கவலை வந்தது. என் பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே எதிர்வீட்டு அக்கா அவரிடமும் ஒரு அர்ச்சனை சொல்லிவிட்டார்.

எல்லாம் நேர்கோட்டில் போனது என்று எழுத ஆசைதான். ஆவணியில் இரண்டு ஞாயிறு அவர் வரவில்லை. மாடியில் விளக்கு எரியும், கதவு சாத்தியிருக்கும். நான் போய்த் தட்டவில்லை. அதுவும் வாசல் வேலையின் விதிதான். ஆள் வரும்போது வாசலில் நாம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது ஞாயிறு நான் செருப்பு மாட்டும்போது படியில் அவர் இறங்கி வரும் சத்தம் கேட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றார். அதன் பிறகு அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. அவர் விட்டதை மகளிடம் அவராகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மாமிதான் சொல்லியிருக்க வேண்டும். ஐப்பசியில் வளைகாப்பு முடிந்ததும் வாசலில் கார் வந்து நின்றது. கை நிறைய வளையல்களோடு அந்தப் பெண் இறங்கினாள். ஓனர் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார், நான் உதவிக்குப் போனபோது விடவில்லை.

தை பிறந்த வாரம் மாடியில் பேத்தி வந்தாள். அவள் அழுகிற சத்தம் எங்கள் சமையலறைக்கு நன்றாகக் கேட்கும். எழுதிக்கொண்டிருக்கும் இப்போதும் கேட்கிறது.

அதே தையில் எங்கள் பொறுப்புகள் கைமாறின. தெருச் சங்கத்தின் தலைவரை இங்கேயும் தலைவராக்கிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர் எழுந்து வாசலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாள், ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் கூடவே வந்த என்னையும் அவர் படியில் ஏறி நின்று, கை குலுக்கி, முறையாக வரவேற்றுத்தான் உள்ளே விட்டார். போன மாதம் ஒருவர் வந்து, ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் தயங்கி நின்றார். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்லை. ஓனர் அவரை மரியாதையாக உள்ளே அழைத்துப் போய், சத்தம் போடும் ஃபேனுக்கு நேர் கீழேயே உட்காரவைத்து, கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினார். அந்த மனிதர் இப்போதும் வருகிறார், ஃபேன் இப்போதும் சத்தம் போடுகிறது.

தேதிகள் சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் இன்னும் பிடிவாதக்காரன்தான். ஆனால் தயங்கித் தயங்கி ஒரு வாசலில் வந்து நிற்பவர், ஆடி மாதத்தில் கல்யாணத்துக்கு வந்தேன் என்று சொன்னால், எனக்கு இனி அது நல்ல முகூர்த்த நாள்தான்.