பனியில ஷூவைக் கழட்டினேன்

நான் பாலவாக்கத்துல மீன் விக்கிறேன். பனி பாக்கணும்னு ஆசைப்பட்டுக்கினே எங்க அண்ணன் செத்துட்டான். அவன் போட்டோவை எடுத்துக்கினு, அவன் ஃபிரண்டு செல்வத்தோட மணாலி பக்கம் ஒரு மலை ஏறினேன். செங்குத்தான பாதை. அன்னிக்குத்தான் பனி கொட்ட ஆரம்பிச்சுது. மேல போட்டோவை வச்சுக் கும்பிடறப்ப, கோயில்ல கழட்டுற மாதிரி ஷூ, சாக்ஸ் எல்லாம் கழட்டிட்டேன். கண்ணைத் தொறந்தா கால் இருக்கறதே தெரியல. கிள்ளினாலும் வலிக்கல. எப்படி எறங்குவேன்னு அழுதுட்டேன்.

"இன்னாடா, ஐஸ் பெட்டி மீனாட்டம் கீது! உங்கம்மாவுக்கு இனிமே நீ ஒருத்தன்தான்டா"ன்னு கத்திக்கினே செல்வம் என் காலைச் சட்டைக்குள்ள வுட்டு வயித்துல வச்சுக்கினான். ரொம்ப நேரம் கழிச்சுக் கால் எரிஞ்சப்பதான் உசிரே வந்துச்சு. அவன் தோளைப் புடிச்சுக்கினே எறங்கினேன்.

இப்பல்லாம் அண்ணனை நம்ம பீச்லயே வெறுங்காலோட கும்பிடறேன். பனிக்குப் போறவங்க ஷூவோடவே கும்பிடுங்க. செத்தவங்க கோச்சுக்க மாட்டாங்க.