தட்டோரத்துக் கடலை

“…ஒரு சொல்லு தப்பாப் போச்சுன்னாப் போதுங்க, உடனே டொய்ங்குன்னு கத்திப்போடுது. மரியாதை தெரியாத செல்போனுங்க!” என்று அலுத்துக்கொண்டார் மரகதக்கா. போன வாரம், சிங்காநல்லூரில் ஒரு பேக்கரி. எதிரே அவர் மகள் கவிதா, செல்போனை முன்னால் வைத்துக்கொண்டு அதனிடம் ஆங்கிலம் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவளுக்கு ஆங்கிலத்தில் நேர்காணல். மேஜையில் டீயும், தள்ளுவண்டியில் அக்கா வாங்கிய வறுத்த கடலைப் பொட்டலமும். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு மிகேல் ஞாபகம் வந்துவிட்டது.

மிகேல் கொலம்பியாக்காரர். நூற்பு மிஷின் செய்கிற கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில், ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தவர். தாய்மொழி ஸ்பானிஷ்; ஆங்கிலம் நடுவாந்தரம். வேலை விஷயமென்றால் சொல்லிவிடுவார், கதை சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வண்டி நின்றுவிடும். என் ஆங்கிலம் மட்டும் என்ன வாழ்ந்தது? வடை மடித்து வந்த செய்தித்தாளைப் படித்து நானே தேற்றிக்கொண்டது. எண்ணெய் படாத இடம் வரைக்கும்தான் எனக்கு இலக்கணம் தெரியும்.

பயிற்சி முடிவில் அவருக்குப் போனில் ஓர் ஆங்கிலத் தேர்வு இருந்தது. தேறினால் சொந்த ஊரிலேயே பயிற்சியாளர் வேலை. மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருக்கலாம். தேறாவிட்டால் நாடு நாடாகப் போய் மிஷின் மாட்ட வேண்டியதுதான். அதனால் முதல் நாளே கேன்டீனில், தப்பாகப் பேசினால் தயவுசெய்து சொல்லுங்கள் என்று எங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

நாங்களா சொல்லுவோம்? விருந்தாளி முகத்தைப் பார்த்துத் தப்பு என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு நாக்கு எழும்? “சூப்பருங்க மிகேலு, வெள்ளக்காரன் தோத்தான் போங்க!” என்பார் ஃபிட்டர் பழனிச்சாமி. நாங்களும் தலையாட்டுவோம். இப்படியே மூன்று மாதம் ஓடியது. அப்புறம் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். மிகேல் தேறவில்லை.

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே, “நல்லாப் பேசுறேன்னுதானே எல்லாரும் சொன்னீங்க?” என்று அவருடைய ஆங்கிலத்தில் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்களில் ஒருத்தரும் நிமிரவில்லை.

மறுநாள் மிகேல் தன் குழந்தையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கேன்டீனில் பரிமாறிக்கொண்டிருந்த மரகதக்கா, அவர் தட்டோரத்தில் வறுத்த கடலை ஒன்றை வைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

“என்னக்கா இது?” என்றேன்.

“தப்புக்கு ஒண்ணுங்க. வாயில சொல்லத்தானே உங்களுக்கெல்லாம் சங்கடம்?”

“உங்களுக்குத்தான் இங்கிலீசே தெரியாதே!”

“அதெதுக்குங்க எனக்கு? அவரு தப்பாப் பேசுறப்பல்லாம் நீங்க நாலு பேரும் குனிஞ்சு ரசத்தைப் பாக்கறீங்க.”

நான் விளக்கிச் சொன்னதும் மிகேல் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அதன் பிறகு கடலை விழுந்தால் நிறுத்துவார், அந்த வாக்கியத்தை மாற்றிச் சொல்வார், எங்கள் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் இன்னமும் ரசத்திலேயே இருந்தால் மறுபடி ஒன்று விழும். முதல் வாரம் அவருக்குக் கடலையிலேயே வயிறு நிரம்பிவிட்டது. அவர் பதிலுக்கு என் தட்டோரத்தில் வைத்ததைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

தேர்வன்று பேசி முடித்துவிட்டு நேரே கேன்டீனுக்கு வந்தார். அக்காவின் டப்பாவைத் திறந்து, ஒரே ஒரு கடலையை எடுத்துத் தன் தட்டோரத்தில் தானே வைத்துக்கொண்டார். அந்த ஒன்றோடு தேறிவிட்டார்.

இப்போது அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பழனிச்சாமி தொண்டாமுத்தூரில் தென்னைக்குத் தண்ணீர் கட்டுகிறார். தன் தப்பைத் தெரிந்துகொள்ள இன்று யாரும் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை. செல்போன் போதும், அது நமக்காகக் கூச்சப்படுவதில்லை.

கவிதாவின் செல்போன் மறுபடி கத்தியது. அவள் கண் கலங்கிவிட்டது.

“கண்ணு, அதை அணைச்சுப்போட்டு இவருகிட்டப் பேசு,” என்றார் அக்கா.

கவிதா செல்போனை அணைத்தாள். என்னைப் பார்த்து, தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் நன்றாகவே வந்தது, இரண்டாவதும். மூன்றாவதில் நான் டீ கிளாஸுக்குள் எதையோ தேடுகிறவன் போலக் குனிந்தேன்.

மரகதக்கா பொட்டலத்தைப் பிரித்து ஒரு கடலையை எடுத்தார். மகளின் கிளாஸ் ஓரத்தில், சத்தம் வராமல் வைத்தார்.