சபியாக்கா பொருத்திய அலமாரி

சபியாக்கா இறந்த செய்தி எங்கள் வீட்டுக்கு, அம்மா வேலை செய்யும் பனியன் கம்பெனியின் வாட்ஸப் குழு வழியாகத்தான் வந்தது. டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்த அம்மா, கை ஈரமாக இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னாள். "நம் நிறுவனத்தின் மெயின்டனன்ஸ் பிரிவில் பணியாற்றிய திருமதி சபியா அவர்கள் மாரடைப்பால் காலமானார். நேர்மையான உழைப்பாளி. ஆழ்ந்த இரங்கல்." கீழே மேனேஜரின் பெயர். அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நேர்மையான உழைப்பாளி என்று தட்டிய அதே விரல்கள்தான் போன வருடம் அவரை வேலையை விட்டு நீக்கும் தாளில் கையெழுத்துப் போட்டன.

வேலம்பாளையத்தில் நம் காலனியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தோளில் காக்கிப் பை, பைக்குள் இறந்துபோன கணவரின் டிரில்லிங் மிஷின். கம்பெனி ஏட்டில் அவர் வெறும் ஹெல்ப்பர். ஆனால் அங்கே சுவரில் தொங்கிய எதையும், தீயணைப்பு சிலிண்டர் முதல் சாமி படம் வரை, அவர்தான் மாட்டியிருந்தார். முருகன் படத்தை மாட்டும்போது யாரோ கேலி செய்ததற்கு, "சாமி யாருதா இருந்தாலும் கண்ணாடி ஒடஞ்சா கால்லதான குத்தும்" என்றாராம். அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் அவரை நெருக்கமாகப் பார்த்தது படிப்பகத்தில். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்பகம் இருக்கிறது என்று துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்களுக்குக் காட்ட வேண்டியிருந்ததால், பேக்கிங் ஹாலின் மூலையைப் பார்ட்டிகிள் போர்டால் தடுத்து வெள்ளையடித்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மீட்டிங் ரூம். தடித்தடியான கலைக்களஞ்சியங்களும் ஒரு மர அலமாரியும் நன்கொடையாக வந்தன. தரையில் இடமில்லை. மற்ற பக்கங்களில் கதவும் ஜன்னல்களும். அலமாரியைத் தடுப்பில்தான் தொங்கவிட வேண்டும் என்றார் மேனேஜர்.

சபியாக்கா விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "இது மரமில்லீங்க சார். மரத்தூளையும் பசையையும் அழுத்தி வெச்சது. ஸ்க்ரூ உள்ள போயிரும். பாரம் ஏறுனா உதுந்துரும்."

"அதெல்லாம் புடிக்கும்மா. நாலு ஸ்க்ரூ சேத்துப் போடு."

"நாப்பது போட்டாலும் தூளுதானுங்க புடிக்கோணும்."

பிறகு தடுப்பின் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போனார். வெற்றொலி மாறி அடர்த்தியாகக் கேட்ட இடங்களில் பென்சிலால் கோடு போட்டார். அங்கேதான் உள்ளே மரச்சட்டங்கள் இருந்தன. மீட்டிங் ரூம் பக்கம் இரண்டு சட்டங்களைச் சேர்த்துப் பிடிக்கும்படி ஒரு கனமான பிளைவுட் பலகையை முடுக்கினார். அலமாரி, தடுப்பு, பலகை மூன்றையும் துளைத்து ஆறு நீளமான போல்ட்டுகளைச் செலுத்தி, அந்தப் பக்கம் அகலமான வாஷர் வைத்து நட்டை இறுக்கினார். கடைசியாக அலமாரியின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக் கால்களைத் தூக்கித் தொங்கினார்.

"அக்கா, தடுப்போட சேத்துக் கீழ வந்துறாதீங்க" என்றார் பேக்கிங்கில் ஒருவர்.

"வந்தா உன்ற தலைமேலதான் வருவேன், தள்ளி நில்லு. என்னையத் தாங்குச்சுன்னா எந்தப் புஸ்தகத்தையும் தாங்கும்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த அலமாரி அசையவே இல்லை. இரண்டு மாதம் நான் அதன் அடியில்தான் உட்கார்ந்து படித்தேன்.

பையர்கள் ஆடிட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் சபியாக்கா உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மீட்டிங் ரூமைச் சுற்றிப் பார்த்த மேனேஜரின் குரல் தடுப்பைத் தாண்டிக் கேட்டது. "பையர் உக்கார்ற சேருக்குப் பின்னாடி இது என்ன, லாரி பாடியாட்டம் நட்டும் பலகையும்? எடுத்துட்டுப் பெயின்ட் அடிங்க." பேக்கிங் ஆள் ஒருவர் ஸ்பேனரோடு வந்தார். ஆறு போல்ட்டுகளையும் பலகையையும் கழற்றினார். பழைய துளைகளை மக்குப் பசையால் அடைத்து, பக்கத்திலேயே சின்ன ஸ்க்ரூக்களை முடுக்கினார். அதற்காகப் புத்தகங்களை இறக்கிக் கொடுத்தது நான். திரும்ப அடுக்கியதும் நான்தான். போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று உயர வாரியாக, கனமானவற்றை மேல்தட்டில் வைத்தேன். போட்டோவிலும் நான் இருக்கிறேன், கையில் விரித்த புத்தகத்தோடு.

பையர்கள் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் மாலை அலமாரி விழுந்தது. கீழ்த்தட்டில் படக்கதை எடுத்துக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்பு ரித்திகாவின் கை முறிந்தது. தடுப்பில் ஸ்க்ரூ இருந்த இடங்களில் கைப்பிடி அளவுக்குத் தூள் பெயர்ந்து, ரவை கொட்டியதுபோலத் தரையில் கிடந்தது.

விசாரணை மீட்டிங் ரூமில் நடந்தது. பையர் உட்கார்ந்த அதே நாற்காலியில் மேனேஜர். "பொம்பளை கையில டிரில் குடுத்தா இப்படித்தான்" என்றார்.

சபியாக்கா குரலை உயர்த்தவில்லை. "நான் போட்டது போல்ட்டுங்க. விழுந்ததுல இருக்கறது ஸ்க்ரூ. நீங்களே பாருங்க."

ஸ்பேனர் பிடித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். எச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டார். "நீ தெனமும் அங்கதான இருப்ப கண்ணு? யாராச்சும் அலமாரியக் கழட்டுனாங்களா?"

எனக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். செக்கிங் டேபிளிலிருந்து அவளையும் வரவழைத்திருந்தார்கள். எதற்காக வரவழைத்தார்கள் என்று புரியாத வயதில்லை எனக்கு. சபியாக்கா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "பாக்கலீங்க."

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். மற்றதைக் காலனிக்காரர்கள் நீங்களே அறிவீர்கள், ஏனென்றால் அதைச் செய்தது நாம்தான். அதன்பிறகு காலனியில் ஒரு வீட்டிலும் ஒரு ஆணி அடிக்கக்கூட அவரைக் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டு டி.வி.யை மாட்ட முதலிபாளையத்திலிருந்து ஆள் வந்தார். அவர் துளையிடும் சத்தம் கேட்கும் தூரத்தில், தன் வாசலில் உட்கார்ந்து சபியாக்கா பனியன்களில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார். ரித்திகாவின் அம்மா அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முகத்தைத் திருப்ப வேண்டியது சபியாக்காவைப் பார்த்தல்ல என்று அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

சபியாக்காவின் மையத்தை அடக்கம் செய்யத் தூக்கிப் போன பிறகு, தெருவில் நின்ற மேனேஜர், "அந்தம்மா மாதிரி இனி ஒரு ஆள் கிடைக்காது" என்றார். நான்கைந்து பேர் ஆமாங்க என்றார்கள். அவர்களில் ஸ்பேனர் பிடித்தவரும் இருந்தார்.

உள்ளே சபியாக்காவின் மகள் ஆயிஷா என்னைத் தனியே அழைத்து, நான்காய் மடித்த ஒரு தாளைக் கொடுத்தாள். "அம்மா பையில இருந்துச்சு. உன்ற கையெழுத்துதான?"

என்னுடையதுதான். வேலை போன அடுத்த மாதம், முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும்படி சபியாக்கா என்னிடம் வந்திருந்தார். பெயர், வயது, அனுபவம் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முந்தைய வேலையை விட்டதற்கான காரணம் என்றொரு கட்டம் வந்தது. "இதுல என்ன எழுதட்டுங்க அக்கா?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரிஞ்சத எழுது கண்ணு" என்றார்.

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. நான் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். அவர் வாங்கிப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதனால் நேரமானது. "நல்ல கையெழுத்து" என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதை அவர் எங்கும் கொடுக்கவே இல்லை என்பது ஆயிஷா தாளைக் கொடுத்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இதை எழுதி முடித்ததும் அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "என்ற பேரு போடாத" என்றாள். போடவில்லை.

போல்ட்டுகளைக் கழற்றியதை நான் பார்த்தேன். ஒரு வருடம் தாமதமாக, அவர் கேட்க முடியாத இடத்துக்குப் போன பின் சொல்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தத் தாள் ஒன்றுதான். அந்த இரண்டு சொற்களை அடித்துத் திருத்த நேற்று பேனாவை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். அவர் படித்தது அதைத்தான்.